வளர்ப்பது நாங்கள், கட்டுக்குக் கொண்டு போவது அவர்களா?



கோழி வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'வீட்டிலிருந்தபடியே வருமானம்' என்றுதான் எழுதுகிறார்கள். அந்த வருமானம் யார் கைக்குப் போகிறது என்று யாரும் எழுதக் காணோம். அதனால்தான் பத்தாவது வரை மட்டுமே படித்த நான் பேனாவை எடுத்தேன்.

கரூர் மாவட்டத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். அதில் பெருவிடைக் கோழி வளர்க்கிறோம். கட்டுச்சேவல், அசில் என்றெல்லாம் சொல்வது இந்த இனத்தைத்தான். 'வளர்க்கிறோம்' என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். வளர்ப்பது நான்தான்.

பெருவிடைக் கோழி நல்ல கனம். அடையில் உட்கார்ந்தால் முட்டையை மிதித்து உடைத்துவிடும். குஞ்சு பொரித்தாலும் அதே கதிதான். அதனால் அதன் முட்டைகளை எடுத்து சிறுவிடைக் கோழிக்கு அடை வைப்பேன். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, கருக்கூடாத முட்டையை எடுத்துவிட வேண்டும். 21 நாளில் குஞ்சு இறங்கியதும் கரையான் தேட வேண்டும். பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் இருக்கும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்து வைத்தால், விடியும்போது பானை நிறைய இருக்கும். குஞ்சுகள் அதை ஓடி ஓடிப் பொறுக்குவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் தடுப்பூசி. இதைத் தவறவிட்டு ஒரு வருஷம் வெள்ளைக்கழிச்சலில் 19 உருப்படியை ஒரே வாரத்தில் குழி தோண்டிப் புதைத்திருக்கிறேன். நாலைந்து மாதம் ஆனதும் சேவல்கள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும். தனித்தனிப் பஞ்சாரத்தில் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் கயிறு போட்டு நிழல் பார்த்து மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும்.

ஒன்றரை வருஷம் இத்தனை பாடுபட்டு ஆளாக்கிய பிறகு, சேவல் 'அவருடையது' ஆகிவிடும்!

2023 பொங்கலுக்கு எங்களிடம் கீரி நிறத்தில் ஒரு சேவல் இருந்தது. நான் கூப்பிட்டால் தோட்டத்துக் கோடியிலிருந்து ஓடி வரும். இனப்பெருக்கத்துக்கு வேண்டும் என்று ஒருவர் 8,000 ரூபாய்க்குக் கேட்டிருந்தார். பெண்ணின் பள்ளிக்கூடப் பீஸுக்கு ஆச்சு என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மாட்டுப் பொங்கலன்று காலையில் பார்த்தால் பஞ்சாரம் காலி. என் வீட்டுக்காரர் வாசலில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, பீஸு கட்டலாம்னு சொன்னேனுங்களே" என்றேன்.

"சாவக்கட்டு சமாச்சாரத்துல பொம்பளைக்கு என்ன பேச்சு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இருட்டின பிறகு வந்தார். கையில் கயிறு மட்டும் இருந்தது. கத்திக்கட்டில் தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பேர், அது ஜெயித்தவருக்குப் போய்விடும். கோச்சைக் கறிக்குத் தனி ருசி என்று ஆண்கள் பெருமையாகச் சொல்வார்கள். என் கீரி எந்த வீட்டுக் குழம்பில் கொதித்ததோ! பந்தயத்தில் கட்டிய 5,000 ரூபாயும் போனது தனிக்கதை. பீஸுக்கு என் கம்மல் அடகுக்குப் போனது.

பிராணிகளைச் சண்டைக்கு விடுவதே 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இது தெரியாதவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

"இந்தச் சனியனே வேண்டாம், எல்லாத்தையும் வித்துப்போடு கண்ணு" என்றார் என் மாமியார். அக்கம்பக்கத்திலும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தப்பு செய்தது மனுஷன், கோழி என்ன செய்யும்? நல்ல இனம், மேய்ந்து வளரும், வெயில் தாங்கும். சேவலின் வம்சத்தை மட்டும் பேசுகிறவர்கள் பேசட்டும், அனுபவப்பட்டவர்கள் வாங்க வந்தால் முதலில் தாய்க்கோழியைத்தான் காட்டச் சொல்வார்கள். அந்தத் தாய்க்கோழிகளை எங்கள் வீட்டில் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது நான்!

ஆகவே நானே ஒரு ஏற்பாடு செய்தேன். சேவல் எதையும் ஒன்றரை வருஷம் வைத்திருப்பதில்லை. இனத்துக்கு இரண்டை நிறுத்திக்கொண்டு, மற்றதை ஐந்து மாதத்திலேயே விற்றுவிடுகிறேன். விடைக்கோழிகளும் அடை முட்டைகளும் கேட்டு வருகிறார்கள். பணம் என் பேரில் உள்ள பாங்க் கணக்குக்குப் போகிறது. வீட்டுக்காரர் இரண்டு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது தடுப்பூசி முகாமுக்குக் கூடையை வண்டியில் வைத்துக் கட்டிக் கொடுக்கிறார். அவ்வளவுதான் மாற்றம், அதிகமாகச் சொல்ல விரும்பவில்லை. கம்மலை 2024-இல் மீட்டுவிட்டேன்.

இதில் எனக்கு நஷ்டமும் உண்டு. பெரிய சேவலுக்குக் கிடைக்கிற விலை இளஞ்சேவலுக்குக் கிடைக்காது. இன்னொரு உறுத்தலும் இருக்கிறது. அந்த அதிக விலையே கட்டு நடப்பதால்தானே வருகிறது? நான் கொடுக்கிற இளஞ்சேவலையும் வாங்குகிறவர் வளர்த்துக் கட்டுக்குக் கொண்டு போகமாட்டார் என்று எப்படி நம்புவது? "எதுக்குங்க வாங்கறீங்க?" என்று கேட்கிறேன். எல்லாருமே "வளர்க்கத்தானுங்க" என்கிறார்கள்.

என்னைப் போலப் பெருவிடை வளர்க்கிற தோழிகள் யாராவது இருந்தால், நீங்கள் ஆள் பார்த்து எப்படி விற்கிறீர்கள் என்று எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, கரூர் மாவட்டம்