அட்டை பிடித்த பெண் மட்டும்தான் காரணமா? டூர் டி பிரான்ஸ் முதல் நாளில் ஏன் இத்தனை விபத்துகள்?

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருக்கலாம். 2021 ஜூன் 26, பிரான்ஸின் பிரெஸ்ட் நகரில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கிய நாள். சாலையோரம் நின்ற ஒரு பெண், தாத்தா பாட்டியை உற்சாகப்படுத்தும் வாசகம் எழுதிய அட்டையை டிவி கேமராவுக்குக் காட்டுகிறார். வீரர்கள் வரும் பக்கம் முதுகு! ஜெர்மனி வீரர் டோனி மார்ட்டின் அட்டையில் மோதி விழ, பின்னால் வந்தவர்கள் கொத்துக்கொத்தாகச் சரிந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பிறகு பிரெஸ்ட் நீதிமன்றம் 1,200 யூரோ அபராதம் விதித்தது.

தப்பு அவருடையதுதான். ஆனால் அன்றைக்கே இன்னொரு பெரிய விபத்தும் நடந்தது. முடிவுக்கோட்டுக்குச் சுமார் 8 கி.மீ. முன்னால், நல்ல வேகத்தில். நான்கு முறை சாம்பியனான கிறிஸ் ஃப்ரூமும் விழுந்தார். அங்கே எந்த அட்டையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அது வைரலாகவும் இல்லை.

சரி, முதல் நாளில் ஏன் இவ்வளவு பதற்றம்? அன்று எல்லோர் கணக்கும் பூஜ்யம். வழக்கமான சாலை ஸ்டேஜ் என்றால், ஜெயிப்பவருக்கு அன்றே மஞ்சள் ஜெர்சி. மலையேற்றத்தில் தாக்குப்பிடிக்க முடியாத வீரருக்கு வாழ்க்கையில் அதைப் போடக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இதுவாகவும் இருக்கலாம். பட்டம் வெல்ல வந்தவர்களுக்கோ வேறு கவலை: பின்னால் மாட்டினால் விபத்தில் சிக்குவோம், முன்னால் போயிடணும். 184 பேரும் இப்படியே நினைத்தால் ரோடு எங்கே போகும்? அகலம் அதேதானே! ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் சாண் இடைவெளிகூட இருக்காது.

இதற்கு ஒரு பாதுகாப்பு விதி உண்டு. சமதளத்தில் முடியும் நாள்களில், கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்தால், அதுவரை கூட இருந்த குழுவின் நேரமே கிடைக்கும். 8 கி.மீ.யில் விழுந்தால்? எழுந்து ஓட்ட வேண்டியதுதான். அந்த ஆண்டு 3-வது ஸ்டேஜுக்கு இதை 5 கி.மீ. ஆக்கச் சொல்லி வீரர்கள் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. அன்றைய ஃபினிஷில் கேலப் ஈவன் விழுந்து காரை எலும்பு முறிந்தது. மறுநாள் மொத்தக் கூட்டமும் வழியில் சைக்கிளை நிறுத்தி எதிர்ப்புக் காட்டியது. சில ஸ்டேஜ்களில் எல்லையை 5 கி.மீ. வரை நீட்டிப் பார்க்க 2024 வரை ஆனது.

என்னைக் கேட்டால், முதல் மூன்று நாள்களுக்கு 10 கி.மீ.யே வைக்கலாம். 'த்ரில் போயிடும்' என்பார்கள். போகாது. ஸ்டேஜை ஜெயிப்பது யார் என்பது அப்போதும் கோட்டில்தான் முடிவாகும். விழுந்தவர் நேரத்தை இழக்க மாட்டார், அவ்வளவுதான். பட்டத்துக்காக வந்தவர்கள் 10 கி.மீ.க்கு முன்பே ஒதுங்கி, ஜெயிக்க வந்தவர்களுக்கு வழி விடலாம்.

அந்தப் பெண்ணின் மீது கொடுத்த புகாரை டூர் நிர்வாகம் சில நாள்களிலேயே வாபஸ் வாங்கியது. நல்லது. 8-வது கி.மீ. விபத்துக்கு யார் மீது புகார் கொடுப்பது?