மூச்சு மருந்தும் முதியோர் விரல்களும்

ஆஸ்த்மாவுக்கும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்கும் நாள்தோறும் விழுங்கும் மாத்திரையைக் காட்டிலும், சுவாசக் குழல்களுக்கே நேராகச் செல்லும் மருந்து மேலானது என்பதில் வைத்திய உலகில் இன்று கருத்து வேற்றுமை இல்லை. மருந்தின் அளவு குறைகிறது. உடலின் பிற உறுப்புகளுக்கு நேரும் தீங்கும் குறைகிறது. ஆயினும், அம்மருந்து நோயாளியின் நெஞ்சை அடைவதற்கு முன் அவருடைய விரல்களைக் கடந்தாக வேண்டும் என்பதை மருந்துச் சீட்டு எழுதுவோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்ஹேலர் எனப்படும் அளவு மருந்துக் கருவி 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சன் என்பாரின் மகள் ஆஸ்த்மாவால் துன்புற்றாள். கூந்தலுக்குத் தெளிக்கும் திரவத்தைப் போல் தன் மருந்தையும் ஒரு குப்பியில் அடைத்தால் என்ன என்று அவள் கேட்டதே இதற்கு வித்தாயிற்று. கேட்டவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. அவள் விரல்களுக்குப் பொருந்திய அமைப்பே எழுபது வயதினரின் விரல்களுக்கும் இன்றளவும் அளிக்கப்பட்டு வருகிறது. ஓசோன் படலத்தைக் காக்கும் பொருட்டு 1987-இல் மான்ட்ரீல் உடன்படிக்கை கையெழுத்தான பின், குப்பியினுள் இருந்த உந்து வாயு படிப்படியாக மாற்றப்பட்டது. வால்வும் மருந்துக் கலவையும் புதிதாக ஆராயப்பட்டன. ஆள்காட்டி விரலை மேலும் கட்டைவிரலைக் கீழுமாக வைத்து நெருக்கும் முறை மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றது. வானத்தின் மேல் காட்டிய அக்கறையில் ஒரு பங்கை அன்று கட்டைவிரலின் மேலும் காட்டியிருக்கலாம்.

குப்பியினுள் உள்ள வில்லை வென்று வால்வைத் திறப்பதற்குச் சில கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை தேவைப்படுகிறது. உடல் நலமுள்ளோருக்கு இஃது ஒரு பொருட்டன்று. கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவருக்கோ, ருமட்டாய்டு மூட்டுவாதத்தால் விரல்கள் வீங்கிக் கோணியவருக்கோ, பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கோ அது பெரும் பாரம். அழுத்தம் அரைகுறையானால் மருந்து வெளிவராது. அன்றி, வரவேண்டிய கணத்தில் வராது. மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே குப்பியை அழுத்தி, மெல்ல ஆழ்ந்து இழுத்து, பத்து விநாடி அடக்கி வைத்தல் வேண்டும் என்பது விதி. விரலை நெருக்குவதிலேயே கருத்தனைத்தும் சென்றுவிட்டால் இழுக்கும் மூச்சு தப்பிவிடும். கருவியோடு வரும் அறிவுரைத் தாளை எழுதியோர் யாவருக்கும் விரல்கள் வலுவாகவே இருந்தன போலும்!

இதில் வேறொரு கொடுமையும் உண்டு. ஆஸ்த்மா இரவின் பின்பகுதியிலும் விடியற்காலையிலும் மிகுவது இயல்பு. ருமட்டாய்டு மூட்டுவாதத்தில் விரல்கள் விறைத்து நிற்பதும் விடியற்காலையிலேதான். அவ்விறைப்பு தளர ஒரு மணி நேரத்திற்கு மேலும் ஆகலாம். மூச்சு மிகவும் முட்டும் வேளையும் கை மிகவும் முரண்டும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பகல் பத்து மணிக்கு வைத்தியர் முன் குப்பியைச் செவ்வையாக அழுத்திக் காட்டிய முதியவர், காலை நான்கு மணிக்கு அதே குப்பியுடன் போராடுவதை வைத்தியர் காண்பதில்லை. மருந்து பலிக்கவில்லை என்று கருதி அவர் அளவைக் கூட்டுகிறார். அன்றேல் மாத்திரைக்கு மாற்றுகிறார். நெடுநாள் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை மெலிவிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. கை வலுவின்மை இவ்வாறு நோயின் முற்றலாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் மேலே வைத்து, இரு கட்டைவிரல்களையும் கீழே கொடுத்து அழுத்துவது செலவற்றது. கருவியைச் சுற்றிப் பொருத்தி முழுக் கையாலும் பிழியத்தக்க பிளாஸ்டிக் பிடி ஒன்று 'ஹேலர்எய்டு' என்னும் பெயரால் பிரிட்டனில் வழங்கியது. இழுக்கும் மூச்சினாலேயே திறந்துகொள்ளும் கருவிகளும் உள. பொடி மருந்துக் கருவிகளில் அழுத்தும் வேலை இல்லை; ஆனால் ரோட்டாஹேலர் போன்றவற்றில் சிறு குளிகையை எடுத்துப் பொருத்தித் திருக வேண்டும். அன்றியும், பொடியை இழுக்க வலுவான மூச்சு வேண்டும். அஃது எல்லா முதியோரிடமும் இருப்பதில்லை. நெபுலைசருக்கு விரல் வலு அதிகம் தேவையில்லை என்பர். மருந்து நிறைந்த சிறு பிளாஸ்டிக் குமிழின் முனையைத் திருகி முறிப்பவர் யார் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

இவற்றுள் இந்நாட்டுக் குடும்பங்களுக்கு மிகவும் ஏற்றது 'ஸ்பேசர்' எனப்படும் இடைக்கலமே. குப்பியை அழுத்தும் வேலையையும் மூச்சை இழுக்கும் வேலையையும் அது பிரித்துவிடுகிறது. பேரனோ மருமகளோ அழுத்தலாம்; முதியவர் தாமதமின்றி மெல்ல இழுத்தால் போதும். விலை கொடுத்து வாங்க இயலாதவர் கதியற்றவரல்லர். 500 மில்லிலிட்டர் பிளாஸ்டிக் புட்டியைக் கொண்டு தக்கவாறு செய்த இடைக்கலம், குழந்தைகளிடம் கடையில் வாங்கியதற்கு நிகராகப் பயன்பட்டதென 1999-இல் வெளியான தென்னாப்பிரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் தனித்து வாழும் முதியோருக்கு அழுத்தித் தருவோர் யார்? குடும்பங்கள் சுருங்கிவரும் இக்காலத்தில் இக்கேள்வியை ஒதுக்க இயலாது.

ஆகவே, சீட்டு எழுதுமுன் மருந்தில்லாத பயிற்சிக் குப்பி ஒன்றை நோயாளியின் கையில் கொடுத்து அழுத்தச் சொல்லுதல் வேண்டும். காலையில் விரல்கள் எப்படி இருக்கின்றன என்றும் கேட்டல் வேண்டும். இதற்கு இரண்டு நிமிடமே பிடிக்கும். அரசு மருத்துவமனைகளுக்கான கொள்முதல் அறிக்கைகளில் மருந்தின் அளவும் தரமும் கேட்கப்படுவது போல், குப்பியை அழுத்தத் தேவையான விசை எவ்வளவு என்பதும் கேட்கப்படுதல் வேண்டும். இன்ஹேலர் வழங்கும் ஜன்னலிலேயே, தேவைப்படுவோருக்கு இடைக்கலமும் கைப்பிடியும் சேர்த்தே வழங்கப்படுதல் வேண்டும்.