பளபளப்பின் பின்புறம்

நோட்டன் பிரிட்ஜில் வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால், விமலசுரேந்திர அணைக்கட்டின் நீர்ப்பரப்பும் எதிரேயுள்ள தேயிலை மலையும் ஒரே மூட்டத்தில் மறைந்துவிடும். அந்த ஈரத்தில் துணி உலராது, உப்புக் கரையும், இரும்பு துருவேறும்.

அண்மையில் அவ்வூரில், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கொட்டகையில் அவருடைய பழைய மோரிஸ் மைனர் கார் நின்றது. அதற்குப் புது வர்ணம் பூச விரும்பிய மகன், பொனட்டின் மேலிருந்த குரோமியப் பட்டியின் அடியில் திருப்புளியைச் செருகி நெம்பப் போனார்.

“பொறு தம்பி! அது வளைந்தால் வேறொன்றை எங்கே தேடுவது?” என்று பதறினார் தகப்பனார்.

“கழற்றாமல் பூசினால் ஓரத்திலிருந்து உரிந்துவிடும், அப்பா” என்றார் மகன்.

இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே அதை நடுவே பிளந்து 4 அங்குலம் அகட்டினாராம். முன்னரே செய்துவிட்ட பம்பர்களையும் வீணாக்காமல், நடுவே வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து இணைத்தார்கள். நம் நாட்டிலும் 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், இருந்த கார்களைப் பழுதுபார்த்தே ஓட்டினார்கள். அவ்வாறு காப்பாற்றப்பட்ட வண்டியைத் தகப்பனார் பெரிதாக மதித்ததில் வியப்பில்லை.

ஆயினும், குரோமியத்தை நம்பி இருந்துவிடலாகாது. பட்டி முழுவதும் குரோமியம் அன்று. பெரும்பாலும் செம்பு, நிக்கல் ஆகியவற்றின் மேல் பூசிய மெல்லிய முலாமே அது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கும் இராது. அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால் ஈரம் உட்புகும். அதனிலும் பெரிய அபாயம் பட்டியின் பின்புறத்தில் உண்டு. பட்டியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்காகத் தகட்டில் துளைகள் இட்டிருப்பார்கள். பட்டிக்கும் தகட்டுக்கும் இடையே தேங்கும் மழைநீர், அத்துளைகளின் விளிம்பிலிருந்தே இரும்பை அரிக்கத் தொடங்கும்.

ஆகவே கழற்றத்தான் வேண்டும். ஆனால் முறையோடு கழற்ற வேண்டும். முதலில் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து இலக்கமிட வேண்டும். பொனட்டைத் திறந்து, பட்டியைப் பிடித்திருப்பது சுரையா கிளிப்பா என்று உட்புறமாகப் பார்க்க வேண்டும். சுரையானால், துரு இளக்கும் எண்ணெயிட்டு ஓர் இரவு விட்டுவிட வேண்டும். கிளிப்பானால், சுற்றியுள்ள வர்ணத்தின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, துணி சுற்றிய மர ஆப்பை ஒவ்வொரு கிளிப்பின் அருகிலும் செருகிச் சிறிது சிறிதாக நெம்ப வேண்டும். ஒரு முனையை மட்டும் தூக்கினால் பட்டி மடிந்துபோகும். துத்தநாகக் கலப்பில் வார்த்த பெயர்த் தகடுகளோ வளையமாட்டா; ஒடிந்துவிடும். பசையால் ஒட்டியவற்றைத் தலைமயிர் உலர்த்தும் கருவியால் இளஞ்சூடாக்கி, பின்புறமாக நைலோன் தூண்டில் நூலை வாள்போல இழுத்து எடுக்கலாம்.

நாம் இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, தகப்பனார் காய்ந்த தேயிலை மரக்கட்டை ஒன்றைச் சீவி ஆப்பாக்கிவிட்டார். எண்ணெயிட்டுவிட்டு உறங்கச் சென்றோம். மறுநாட்காலை சுரைகள் இளகின. ஆப்பை மகனிடம் கொடுத்துவிட்டுத் தகப்பனார் பட்டியின் மறுமுனையைத் தாங்கிக்கொண்டார். கால் மணி நேரத்தில் பட்டி வளையாமல் கையோடு வந்தது. அதன் பின்னே இரு துளைகளைச் சுற்றித் தகடு செந்துருவாய் உதிர்ந்தது.

“இத்தனை வருடமும் மேலே துடைத்தேன், பின்னே பார்க்கவில்லையே!” என்றார் பெரியவர்.

“நல்ல வேளை அப்பா, இப்போதாவது பார்த்தோம்” என்று கூறிவிட்டு, மகன் துருவைச் சுரண்டத் தொடங்கினார். உளுத்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். துருத் தடுப்புப் பூச்சிட்டு, அதன்மேல் வர்ணம் பூச வேண்டும். பட்டியை மீண்டும் பொருத்துகையில் துளைகளை நீர் புகாதபடி அடைக்கவும் வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்று தகப்பனாரின் பொறுமை பட்டியைக் காத்தது. மகனின் பிடிவாதம் காரைக் காத்தது. நம் வீடுகளிலும் நாள்தோறும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பவை பல உண்டு. ஆண்டுக்கொரு முறையாவது அவற்றின் பின்புறத்தையும் பார்த்துவிடுவோமாக!