அரண்மனைக் காசில் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

டேவ் சப்பெல்லின் நிகழ்ச்சிகளை சப்டைட்டிலோடு பார்த்து அமெரிக்க நிறவெறியைப் புரிந்துகொண்டவர்களில் நானும் ஒருவர். வெள்ளைப் போலீஸை அவர் கிண்டலடிக்கும்போதெல்லாம் நம்மூர் காவல் நிலையம்தான் எனக்கு நினைவுக்கு வரும். அதனால்தான் ரியாத் விவகாரத்தை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

2025 செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 9 வரை சவூதி அரசின் ஆதரவில் ரியாத் நகைச்சுவை விழா நடந்தது. சப்பெல், பில் பர், கெவின் ஹார்ட், அசீஸ் அன்சாரி என்று 50க்கும் மேற்பட்ட கலைஞர்கள் அழைக்கப்பட்டிருந்தார்கள். அதிகாரத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுப் பெயர் வாங்கியவர்கள் இவர்களில் பலர். பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டது 2018 அக்டோபர் 2. அந்த நினைவுநாளும் விழா நாட்களுக்கு நடுவில்தான் வந்தது. மேடையில் நின்ற சப்பெல், அமெரிக்காவைவிட இங்கே பேசுவது எளிது என்றார்.

அது எவ்வளவு எளிது என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்தால் தெரியும். விழாவுக்கு வர மறுத்த அட்சுகோ ஒகாட்சுகா, தனக்கு வந்த நிபந்தனைகளை வெளியிட்டார். சவூதி அரசு, அரச குடும்பம், சட்ட அமைப்பு, எந்த மதமும் கேலிக்கு ஆளாகக் கூடாது. மீதி எல்லாவற்றையும் கேலி செய்யலாம். அப்படியானால் மீதி இருப்பது யார்? பெண்கள், திருநர்கள், ஏழைகள், குண்டானவர்கள், கறுப்பானவர்கள். நம் சினிமா காமெடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. மேலே இருப்பவனைத் தொடக் கூடாது என்றால் சிரிப்பு கீழே இருப்பவர்கள்மேல்தான் விழும்.

டிம் தில்லனின் கதை இதைவிடத் தெளிவானது. தனக்கு 3,75,000 டாலர் பேசப்பட்டதாக அவரே சொன்னார். காசுக்காகத்தான் போகிறேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால், தன் பாட்காஸ்டில் சவூதியின் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் அடிமை நிலையைப் பற்றி நக்கலடித்தார். விழாவிலிருந்து நீக்கப்பட்டார். அரண்மனைக்கு உறைத்தது தொழிலாளியைப் பற்றிய அந்த நக்கல்தான்.

அந்தத் தொழிலாளி நமக்கு அந்நியர் இல்லை. கிழக்கிலங்கையின் மூதூரிலிருந்து 2005இல் வீட்டுவேலைக்குப் போன ரிசானா நஃபீக் நம் மொழி பேசிய பிள்ளை. வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டில் அனுப்பப்பட்டவர். பொறுப்பில் விடப்பட்ட பச்சைக் குழந்தை பால் குடிக்கும்போது மூச்சுத்திணறி இறந்தது என்றார். கொலை என்றது நீதிமன்றம். 2013 ஜனவரியில் தலை வெட்டப்பட்டது. கேலி செய்யக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்லும் ‘சட்ட அமைப்பு’ இதுதான்.

“சவூதி இளைஞர்களுக்குச் சிரிக்க உரிமை இல்லையா?” என்று கேட்கிறார்கள். நிச்சயம் உண்டு. அவர்களைச் சிரிக்கவைத்த ஃபஹத் அல்புதைரி என்ற சவூதி நகைச்சுவைக் கலைஞர் அவர்களிடமே இருந்தார். பெண்கள் கார் ஓட்டும் உரிமைக்காகப் போராடிய லுஜைன் அல்ஹத்லூலின் அப்போதைய கணவர். 2018இல் ஜோர்டானில் கைது செய்யப்பட்டு சவூதிக்குக் கொண்டுபோகப்பட்டார். உள்ளூர் கலைஞரின் வாயை அடைத்துவிட்டு வெளியூர்க்காரருக்கு மேடை போடுவதை அந்த இளைஞர்களுக்குக் கிடைத்த சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது?

“அமெரிக்கா மட்டும் யோக்கியமா? எந்தக் காசில் கறை இல்லை?” என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கா யோக்கியம் இல்லை. அரசுப் பணம் வாங்கினாலே துரோகம் என்றும் நான் சொல்லவில்லை. அரசின் பணம் மக்களின் பணம்; கலைக்கு அது வரத்தான் வேண்டும். ஆனால், அமெரிக்காவில் இவர்கள் டிக்கெட் வாங்கியவர்களின் காசில் அந்நாட்டு அதிபரைக் கிண்டலடிக்கிறார்கள். ரியாத்தில் அரசன் பெயரை எடுக்க மாட்டோம் என்று எழுதிக்கொடுத்துக் காசு வாங்கினார்கள். எனக்கு இருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: காசு கொடுத்தவனை, அவன் மேடையிலேயே நின்று கேலி செய்ய முடியுமா?

மறுக்கவே முடியாத சூழல் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒகாட்சுகா மறுத்தார். ஷேன் கில்லிஸ் மறுத்தார். போய்வந்த ஜெசிகா கிர்சன் மன்னிப்புக் கேட்டு, வாங்கிய பணத்தை மனித உரிமை அமைப்புக்குக் கொடுத்தார்.

எம்.ஆர்.ராதாவின் நாடகங்களுக்குப் பயந்து 1954இல் சென்னை அரசு தனிச் சட்டமே போட்டது. கைது செய்தும் அவர் வாய் ஓயவில்லை. இன்றைய அரசுகள் விவரமானவை. சட்டம் போட்டால் கலைஞன் வீரனாகிவிடுவான் என்று தெரிந்துகொண்டு, செக் எழுதுகின்றன.

நம் தோழர்கள் இன்று ஸ்டாண்ட்அப் மேடைகளிலும் மீம் பக்கங்களிலும் சாதியைக் கிழிக்கிறார்கள். நாளை அவர்களுக்கும் ஒரு செக் வரும். பக்கத்து ஊர்ச் சாதிவெறியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளரைப் பற்றி மட்டும் வேண்டாம் என்பார்கள். அன்றைக்குத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால், எதைப் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள் தோழர்களே. அவர்கள் விலை வைப்பது அதற்குத்தான்.