கூடத்துச் சாவி

எங்கள் குடியிருப்பில் ஒரு பொதுக்கூடம் இருக்கிறது. நிச்சயதார்த்தம், சீமந்தம், மார்கழி பஜனை என்று எல்லாவற்றுக்கும் கொடுப்போம். போன வருடம் ஏழெட்டுப் பையன்கள் வந்து, "சார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஹிப் ஹாப் டான்ஸ் பழகிக்கிறோம்" என்று கேட்டார்கள். கமிட்டியில் ஐந்து பேர். ஒருவரும் சம்மதிக்கவில்லை. "முதலில் டான்ஸ் என்பார்கள், அப்புறம் வேண்டாத சகவாசம் வரும்" என்று சொன்னது வேறு யாருமல்ல, அடியேன்தான்.

பேரன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "தாத்தா, அது எங்கே பிறந்ததுன்னு தெரியுமா? இதே மாதிரி ஒரு கூடத்துலதான்" என்றான். எனக்குத் தெரியாது. சரி, படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்?

நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. நடுவே நெடுஞ்சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கிருந்து கிளப்பினார்கள். 1970களில் வேலை இல்லை, கட்டடங்கள் எரிந்தன, தெருவுக்குத் தெரு இளைஞர் கும்பல்கள். ஒருவன் எல்லைக்குள் இன்னொருவன் கால் வைக்க முடியாது.

1971 டிசம்பரில், கெட்டோ பிரதர்ஸ் என்ற கும்பலைச் சேர்ந்த பிளாக் பெஞ்ஜி என்ற இளைஞர் ஒரு சண்டையைச் சமாதானம் பண்ணப் போனார். அவரையே கொன்றுவிட்டார்கள். பழி வாங்கப் பையன்கள் துடித்தார்கள். ஆனால் தலைவர் பெஞ்சமின் மெலெண்டஸ், அவரும் இளைஞர்தான், அந்தப் பாதையில் போகவில்லை. சில நாட்களிலேயே ஹோ அவென்யூவில் இருந்த சிறுவர் மன்றத்தில் கும்பல்கள் எல்லாம் கூடிச் சமாதானம் பேசின. சண்டை அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு தெருப் பையன் அடுத்த தெரு ஆட்டம் பாட்டத்துக்குப் போய்வர வழி பிறந்தது.

1973 ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூ, 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் அங்கிருந்த பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஒரு விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு போட்டது ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவளுடைய அண்ணன் கிளைவ், வயது 18. பிற்பாடு உலகம் டி.ஜே. கூல் ஹெர்க் என்று கொண்டாடியவர். பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் துள்ளி ஆடுகிறார்கள் என்று கவனித்து, ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு அந்தத் தாளத்தையே நீட்டும் வித்தையை வளர்த்தவர் அவர். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பிய நடனம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போய்விட்டது.

எல்லா ராப் பாட்டும் நல்லது என்று சொல்ல வரவில்லை. பெண்களை இழிவாகப் பேசுவதும், பணத்தையும் துப்பாக்கியையும் பீற்றிக்கொள்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. பேரனிடமே சொன்னேன். "நீங்க கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் சுத்தமா தாத்தா?" என்று கேட்டான். வாயை மூடிக்கொண்டேன்.

என்னை உறுத்துவது வேறு விஷயம். இளைஞர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். அந்தச் சமாதானத்துக்கு ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. அந்த விருந்துக்கு ஒரு கூடம் வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் சாவி வைத்திருந்த யாரோ ஒருவர் சரி என்று தலையாட்டியிருக்க வேண்டும். அதுவும் பொறுப்புதான்.

நாங்கள் விரட்டிய பையன்கள் இப்போது மேம்பாலத்துக்கு அடியில் பழகுகிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பத்தடி தள்ளி நாலு பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பயந்த சகவாசம் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அனுப்பியது நான்.

வருகிற ஞாயிறு கமிட்டிக் கூட்டம். 72 வயதில் எழுந்து நின்று "நான் சொன்னது தப்பு" என்று சொல்வது லேசான காரியமில்லை. ஆனாலும் சொல்லப்போகிறேன். எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது, கூடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் சாவியைத் தரவேண்டும் என்று பையன்களிடம் பேசிவிட்டேன். உடனே ஒப்புக்கொண்டார்கள். இனி ஒப்புக்கொள்ள வேண்டியது பெரியவர்கள்தான்.