எட்டு லிங்கம், எட்டு லிங்க்!

ஃப்ரெண்ட்ஸ், வைவா தேதி போட்டாச்சா? அப்போ இந்த வாரம் என் சொந்த சோகக் கதை.

திருவண்ணாமலை கிரிவலப் பாதைதான் என் ப்ராஜெக்ட். 14 கிலோமீட்டரையும் சுத்தி, இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கத்துக்கும் எட்டு பி.டி.எஃப். போட்டேன். மெயின் ரிப்போர்ட்டில் பெயரை க்ளிக் செய்தால் அந்த ஃபைல் திறக்கும். வீட்டில் சூப்பரா திறந்துச்சு. வைவாவில் எக்ஸ்டர்னல் சார், "அக்னி லிங்கத்தைக் காட்டுப்பா"ன்னார். க்ளிக்கினேன். ஃபைலைக் காணோம்னு ஒரு பெட்டி. அடுத்தது எம லிங்கம். அதே பெட்டி. எமனே பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு!

காரணம் சிம்பிள். என் லிங்க் எல்லாம் 'டி டிரைவ், என் பேர் போட்ட ஃபோல்டர்'னு வீட்டு கம்ப்யூட்டரோட முழு அட்ரஸைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பென் டிரைவுக்கு அந்த அட்ரஸ் எப்படிப் பொருந்தும்? இந்திர லிங்கத்துல நின்னு வழி கேட்கிறவருக்கு, "எங்க வீட்டு வாசல்லேர்ந்து கிளம்பி..."ன்னு சொன்னா என்ன பிரயோஜனம்? "இங்கேர்ந்து நேரா போ, அடுத்தது அக்னி"ன்னு சொல்லணும். அதுதான் ரிலேட்டிவ் பாத்.

அதனால, லிங்க் போடும் முன்னாடியே ஒன்பது ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் போட்டுடுங்க. இலவச அக்ரோபாட் ரீடரில் லிங்க்கைத் திறக்கலாம், உருவாக்க முடியாது. அக்ரோபாட் ப்ரோ இருந்தால் 'எடிட் பி.டி.எஃப்.' போய், 'லிங்க்' கருவியால் பெயரைச் சுற்றிப் பெட்டி வரைந்து, 'ஓப்பன் எ ஃபைல்' கொடுங்க. புது விண்டோவில் திறக்கச் சொல்லுங்க, மெயின் ரிப்போர்ட் மறையாது. காசு இல்லையா (நம்ம கேஸ்!), லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் லிங்க் போட்டு, 'எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்.'பில் 'லிங்க்ஸ்' பக்கத்துல, யூ.ஆர்.எல்.களை ரிலேட்டிவாக வைக்கச் சொல்லும் கட்டத்தை டிக் பண்ணுங்க. நான் கோட்டை விட்டது இதைத்தான்.

அழகு விஷயம்: அக்ரோபாட் ப்ரோவில் லிங்க்கைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் வந்தா கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும். 'இன்விசிபிள் ரெக்டாங்கிள்' வெச்சு, எழுத்தை மட்டும் நீலமாக்குங்க. கோடு வேணும்னா அண்டர்லைன் போதும். ஒண்ணைச் சரி பண்ணிட்டு, ரைட் க்ளிக்கில் 'யூஸ் கரண்ட் அப்பியரன்ஸ் ஆஸ் நியூ டீஃபால்ட்' கொடுத்தா அடுத்து போடுறதெல்லாம் அதே தோற்றத்துல வரும்.

பிரவுசரிலோ மொபைலிலோ திறந்தால் இந்த மாதிரி லிங்க் பல சமயம் வேலை செய்யாது. வைவா ஹால் கம்ப்யூட்டர்ல ரீடர் இருக்கான்னு முதல் நாளே லேப் அண்ணாகிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. முழு ஃபோல்டரையும் பென் டிரைவுக்குக் காப்பி பண்ணி, வேற ஒருத்தர் கம்ப்யூட்டர்ல எட்டையும் க்ளிக் பண்ணிப் பாருங்க. வேற கம்ப்யூட்டர் கிடைக்கலையா? வீட்டுல இருக்கிற ஃபோல்டர் பெயரை மாத்திட்டு க்ளிக்குங்க. பழைய அட்ரஸைப் பிடிச்சுத் தொங்குற லிங்க் அப்பவே மாட்டிக்கும்.