பயணம் மீனம்பாக்கத்தில் தொடங்குவதில்லை

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,920 கிலோமீட்டர். பயண நேரம் நாலேகால் மணி. டிக்கெட் முகவர்களான நம் திரை காட்டும் இந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் டிக்கெட் எடுப்பவர் திருத்தணிப் பக்கம் பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருப்பவர் என்றால், அது அவருடைய பயணத்தில் ஒரு பகுதிதான்.

ஜனவரி 1, நள்ளிரவு கடந்து 1 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவு 10 மணிக்கே மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சாலைத் தூரம் நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும். மற்ற நாளில் மாலையில் கார் ஏறினால் போதும். டிசம்பர் 31 அன்றோ திருத்தணியில் படித் திருவிழா. மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் பூசை, இரவெல்லாம் கூட்டம். திருத்தணி, திருவள்ளூர், பூந்தமல்லி என்று வழக்கமான வழியில் போகிறவர் முதல் ஊரிலேயே சிக்கிக்கொள்வார். ஆடிக் கிருத்திகையிலும் இதே நிலைதான். மதியமே கிளம்பிவிடச் சொல்வது நம் கடமை. அதைவிடப் பெரிய ஆபத்து தேதி. டிக்கெட்டில் ‘ஜனவரி 1’ என்று பார்த்துவிட்டு அன்றிரவு பெட்டியுடன் வந்து நிற்கும் பயணிமேல் குற்றம் இல்லை. எடுத்துச் சொல்லாத நம்மேல்தான்.

நகரி, புத்தூர் வழியாக ரேணிகுண்டா விமான நிலையத்துக்குப் போனால் சாலைத் தூரம் ஏறக்குறைய பாதிதான். அங்கிருந்து ஐதராபாத் போய் விமானம் மாறலாமா என்று கேட்பார்கள். போகும் ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். சிங்கப்பூருக்கு அந்த வழி 3,700 கிலோமீட்டரைத் தாண்டும். வடக்கே போய்த் தெற்கே திரும்பும் வீண் சுற்று. துபாய்க்கோ கதை வேறு: சென்னையிலிருந்து நேராகச் சுமார் 2,930, ஐதராபாத் வழியாகச் சுமார் 2,970. வான்வழியில் பெரிய இழப்பில்லை. ஐதராபாத்தில் காத்திருக்கும் நேரம் அளவாக இருந்தால் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஆனால் இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது விமான நிறுவனம் பொறுப்பேற்காது. சில நூறு ரூபாய் மிச்சம் காட்டி அப்படிப் பிரித்துக் கொடுப்பதை நம் தொழிலில் யாரும் செய்யக் கூடாது.

இறங்கும் நேரத்தையும் விளக்கியாக வேண்டும். 1 மணிக்குப் புறப்பட்டால் சிங்கப்பூரில் காலை 7.45, அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதோடு, மேற்கே போகையில் எதிர்க்காற்று இருப்பதால் பொதுவாகப் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் குறையும். அழைத்துப்போக வரும் உறவினருக்கு இந்த விவரம் அவசியம்.

ஆகவே, டிக்கெட்டுடன் தனித்தாள் ஒன்று கொடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கிழமை, தேதி, நேரம் மூன்றும் அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். 1960இல் ஆந்திரத்திலிருந்து நம்மோடு இணைந்த திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு அந்தத் தாளைத் தெலுங்கிலும் அச்சிட்டுத் தர வேண்டும்.